ஐம்பது ஓம்

வலை என்று ஒன்று இருந்தால் அதற்கு உயிர்க்கணு என்று ஒன்று இருக்கும். அந்தக் கணுவை அறிந்தவன் வலையை அறிந்தவன். அதைக் காத்தவன் வலையைக் காத்தவன். ஆதியில் பிரபஞ்சமே ஒரு வலையாகத்தான் இருந்தது. இன்று கொம்பியூட்டர்களும் வலையாகிவிட்டன. ஆகவே காலம் தாழ்த்தாமல் காவல் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் வவுனியா நகரமெங்கும் பறந்த துண்டுப் பிரசுரம் இப்படிச் சொன்னது. மறுபக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் இடியப்ப, சொதி விளம்பரம் இருந்தது. பிரபஞ்சத்துக்குத் தனித்தாள் ஒதுக்க அச்சகக்காரருக்குக் கட்டுபடியாகவில்லை.

அடியில் பெயர்: வலைச்சித்தர் செல்வராசா.

அப்போது ஊரில் கொம்பியூட்டர் மவுசைவிடச் சித்தருக்கு மவுசு கூட. செவ்வாயும் வெள்ளியும் காவல் நாட்கள். சைக்கிள் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த மின்னல் கணினிக் கல்வி நிலையத்தில்தான் காவல் நடக்கும். கொம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். வவுனியாவில் அவர்களை ஒரு ஓட்டோவில் ஏற்றிவிடலாம் என்பதால், வைத்திராதவர்களும் வந்தார்கள். ஒருவர் கல்குலேட்டர் கொண்டுவந்தார். நெளுக்குளத்தில் வயல் செய்யும் கமக்காரர் வீரையா தண்ணீர் பம்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, படியேற்றி, மேலே தூக்கி வைத்தார். பம்பில் வலை ஏது என்று யாரோ கேட்டதற்கு, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் குப்பை போகாமல் அடித்திருந்த கம்பி வலையைக் காட்டினார். அதை மறுக்க முடியவில்லை. சித்தர் அதற்கும் ஒரு சிவப்பு நூல் கட்டினார்.

சிவலட்சுமி என்ற அம்மா கொண்டுவந்தது ஒரு போட்டோ. கனடாவில் மகன் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. போட்டோவில் கட்டும் நூல் கனடாவரை பாயுமோ என்று அந்த அம்மா கேட்டார். பாயும், ஆனால் இரண்டு கிழமை செல்லும் என்றார் சித்தர். தபாலும் அவ்வளவுதான் செல்லும் என்பதால் எல்லாருக்கும் திருப்தி.

சித்தர் இந்தத் தொழிலுக்குப் புதியவரல்ல. தொழில் பழையது, வலைதான் புதியது. ஒரு காலத்தில் அவர் நாயாற்றுக் கடற்கரையில் மீன் வலைகளுக்குக் காவல் கட்டினார். வலையை மணலில் விரிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் நடப்பார். ஓரிடத்தில் நின்று கால் பெருவிரலால் ஒரு முடிச்சைக் காட்டுவார். கண்ணூறு புகுந்த கணு அதுதான். வெட்டி எரிக்க வேண்டும். வெட்டினால் வலையில் ஓட்டை விழும். ஓட்டையால் மீன் போகும். மீன் ஏன் போகிறது என்று பார்க்க மறுபடியும் சித்தரைக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் பூசை காணும் வேதக்காரர்கள்தான் கூப்பிட்டவர்கள். சுவாமியாரிடம் இதைச் சொல்வதில்லை என்பதில் மட்டும் கரை முழுவதும் ஒற்றுமையாக இருந்தது.

யுத்தம் வலைகளையும் வலைக்காரர்களையும் ஒன்றாகக் கிளப்பியது. வலையில்லாத இடத்தில் வலைச்சித்தருக்கு என்ன வேலை? பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போனார். அலுவலகங்களில் கொம்பியூட்டர்களுக்குக் கம்பி இழுக்கும் கூட்டத்தோடு மூன்று கிழமை கூலிக்கு நின்றார். கொம்பியூட்டர்களைக் கம்பியால் தொடுத்தால் அதற்கும் வலை என்றுதான் பெயர் என்பதை அங்கே அறிந்தார். வலையில் எல்லாக் கணுவும் ஒரே பெறுமதி இல்லை, எது போனால் எல்லாம் படுக்குமோ அதை முதலில் கண்டுபிடித்துக் காவல் செய்யவேண்டும் என்று ஒரு எஞ்சினியர் தன் உதவியாளருக்குச் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டார். அது முழுக்க உண்மை.

பிறகு எஞ்சினியர் கம்பியின் நுனியில் பூட்டும் ஒரு சின்ன உலோக மூடியை எடுத்துக் காட்டினார். இது ஐம்பது ஓம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வலை முழுவதும் செத்துவிடும் என்றார்.

சித்தர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓம் என்பது மின்தடையை அளக்கும் ஓர் அலகு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நம்முடைய ஊரில் ஓமுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை. கோயிலில் மந்திரம், வீட்டில் சம்மதம். அதற்கு மூன்றாவதாக ஒரு வேலை வேறெங்கோ இருக்கும் என்று யார் கண்டது?

மின்னல் நிலையத்தில் ஏழு கொம்பியூட்டர்களும் ஒரு டிரெக்டரும் இருந்தார்கள். டிரெக்டரின் பெயர் பாலன். ஏழு மெசினும் சுவரோரமாக வரிசையாய் நின்றன. ஒரே கறுப்புக் கம்பி ஒன்றின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகுக்கு, உடுப்புக் காயப்போடும் கொடிபோல ஓடியது. இரண்டு நுனியிலும் விரல்நுனி அளவில் ஒவ்வொரு மூடி. முதலாம் மெசினில் அடிக்கும் வரி ஏழாம் மெசினில் தோன்றும். அதைக் காட்டித்தான் பாலன் பிள்ளைகளைச் சேர்த்தார். மற்றபடி அவர் ஒழுங்கான மனிதர். வளைந்த பிரம்புப் பிடி வைத்த நல்ல குடை ஒன்று வைத்திருந்தார். வாசலில் விட்டால் பிள்ளைகள் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எப்போதும் அதை உள்ளே கொண்டுபோய்விடுவார்.

அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றியவர் கிறேஸ். நாயாற்றில் கிழிந்த வலை பொத்திய கை. இடம்பெயர்ந்து வந்து இரண்டு வருசம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தவர். நிலையத்தின் பின்பக்கத்துச் சாமான் அறையில் படுத்துக்கொள்ளப் பாலன் விட்டிருந்தார். மழை வந்தால் எழும்பி இருக்கத் தேவையில்லாத இடம் கிறேஸுக்கு வெகுகாலத்துக்குப் பிறகு அதுதான். வேலை போனால் அறை போகும். அறை போனால் மறுபடியும் தறப்பாள்.

ஐப்பசியில் கிறேஸை மலேரியா பிடித்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மறித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் வலை செத்தது. முதலாம் மெசினில் அடித்தது முதலாம் மெசினிலேயே கிடந்தது. பாலன் எல்லாவற்றையும் நிறுத்திப் போட்டார், போட்டு நிறுத்தினார், ஒரு மெசினைத் தட்டியும் பார்த்தார். பிள்ளைகள் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற பயத்தில் இருந்தவரிடம், கொழும்பிலிருந்து வந்திறங்கிய ஒரு பெரியவர் வலைகளுக்கு வைத்தியம் செய்கிறாராம் என்று யாரோ சொன்னார்கள்.

சித்தர் வந்தார். எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து ஐம்பது ஓம் கேட்டது. கதவு திறந்தபோது வலை பிழைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காது என்று சித்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அன்றோடு புகழ் பிடித்தது. பிரசுரம் பறந்தது. உயிர்க்கணு ஏழாம் மெசின் என்று அறிவிக்கப்பட்டு அதற்குச் செவ்வரத்தம்பூ மாலை விழுந்தது.

கிறேஸ் மெலிந்து திரும்பி வந்தபோது படியெல்லாம் சனம். சித்தரை அவருக்குக் கண்டவுடன் தெரிந்தது. கிறேஸின் தகப்பன் மரியநேசனின் வலையை மூன்று தரம் பெருவிரலால் காட்டி வெட்டுவித்த கால் அது. சித்தருக்குக் கிறேஸைத் தெரியவில்லை. விளக்குமாறு பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் சித்தர்களுக்கு இல்லை.

கிறேஸுக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வருசமாகக் கூட்டும்போது சில நாட்களில் ஏழாம் மேசைக்குக் கீழே அந்தச் சின்ன மூடி விழுந்து கிடக்கும். அவர் எடுத்து, கம்பி நுனியில் வைத்து, ஒரு திருகு திருகிவிடுவார். மூடி விழுந்தால் மூடவேண்டும் என்பதற்கு டிப்ளோமா தேவையில்லை. சித்தர் வரத்தொடங்கிய பிறகு மூடி ஒவ்வொரு செவ்வாய்க்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும், காலையில் அவர் கணுவைக் கும்பிட்டுவிட்டுப் போனதும், தவறாமல் விழுந்தது. கிறேஸ் தவறாமல் எடுத்துப் பூட்டினார்.

இது சித்தருக்குப் பெரிய இடைஞ்சலாகிவிட்டது. ஒவ்வொரு காவல் நாளும் வலை செத்துக் கிடக்கவேண்டும், அவர் வந்து எழுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. வந்து பார்த்தால் வலை நல்ல சுகத்தோடு இருந்தது. உயிரோடு இருக்கும் வலைக்கு உயிர் கொடுத்துக் காட்ட எந்தச் சித்தராலும் முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை நேரத்தோடு திரும்பி வந்தவர், மேசைக்குக் கீழே கிறேஸ் விளக்குமாற்றோடு குந்தியிருந்து எதையோ திருகுவதைக் கண்டார்.

அன்று பின்னேரமே ஒரு புதிய கணு கண்டுபிடிக்கப்பட்டது. உயிர்க்கணுவைப்போலப் பகைக்கணு என்றும் ஒன்று உண்டாம். வலைக்குள் தீமை நுழையும் வாசல் அது. வெட்டி எறியாவிட்டால் எந்தக் காவலும் நில்லாது. இந்த இடத்தின் பகைக்கணு விளக்குமாறு பிடிக்கும் கை.

பாலன் அதைச் சொல்லக் கிறேஸைத் தேடிக் குசினிக்கு வந்தார். நேராய்ப் பார்க்காமல் அடுப்பிலிருந்த கேத்திலைப் பார்த்துச் சொன்னார்.

"கிறேஸ், உம்மட கை சரியில்லை எண்டு சித்தர் சொல்லுறார்."

"கையோ ஐயா, விளக்குமாறோ?"

"ரெண்டும் எண்டுதான் சொன்னவர்."

"அப்ப நான் விளக்குமாத்தை விட்டுட்டுச் சீலையால துடைச்சால் பாதி சரியாகுமோ?"

பாலன் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெருங்காவல், அதற்கு முன் அறையை ஒழித்துவிடச் சொன்னார். கிறேஸ் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தார்.

"பூசை முடிய பூவள்ள ஒரு ஆள் வேணுமெல்லோ ஐயா. வெள்ளி பின்னேரம் போறன்."

அது நியாயம் என்று பாலனுக்குப் பட்டது. பூவை அவர் அள்ள முடியாது.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம் கிறேஸ் ஏழாம் மெசினின் மூடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, இரண்டு கடை தள்ளி றேடியோ திருத்தும் நாஸிமிடம் போனார். நாஸிம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீற்றரின் இரண்டு ஊசியையும் அதில் வைத்தார்.

"அம்பது ஓம்," என்றார்.

"நீரும் துவங்கிட்டீரோ தம்பி?"

நாஸிம் மீற்றரைத் திருப்பிக் காட்டினார். முள் ஐம்பதில் நின்றது. "இதுதான் அக்கா ஓம். கரண்டுக்கு எவ்வளவு தடை எண்டு அளக்கிற அளவு. துணிக்கு முழம், சீனிக்குக் கிலோ, இதுக்கு ஓம்."

"அப்ப மந்திரம் இல்லை?"

"இல்லை."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

அது வீட்டு ஓம்.

நாஸிம் விளக்கினார். கம்பியில் ஓடும் செய்தி நுனிவரைக்கும் போகும். நுனியில் இந்த மூடி அதை விழுங்கவேண்டும். மூடி இல்லாவிட்டால் போன செய்தி முட்டித் திரும்பி, பின்னால் வரும் செய்தியோடு மோதும். பிறகு ஏழு மெசினுக்கும் காது கேளாது. கிறேஸ் கொஞ்சம் யோசித்தார். கரைவலையில் எல்லா மீனும் கடைசியில் நுனிப் பையான மடிக்குத்தான் ஓடி வரும், அந்த மடியைக் கட்டாமல் வலை இழுத்ததுபோல என்றார். நாஸிம் கடலில் கால் நனைத்ததே இல்லை. ஆனாலும் ஓம் என்றார். பழைய சாமான் பெட்டியைக் கிண்டி, ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட இதேமாதிரி மூடி ஒன்றை எடுத்து, அளந்து பார்த்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மீற்றரோடு தானும் வருவதாகச் சொன்னார். கடையில் வேலை குறைவு. பிள்ளைகள் திரும்ப முன் கிறேஸ் பழைய மூடியைப் பூட்டிவிட்டார், நாஸிம் தந்தது சேலைத் தலைப்பில் இருந்தது.

பெருங்காவலுக்கு மேல்மாடி கொள்ளவில்லை. சனம் படியிலும் நின்றது, கீழே சைக்கிள் கடையிலும் நின்றது. வீரையா பம்பை மறுபடியும் தூக்கி வந்திருந்தார். நூல் கட்டியபின் பம்ப் கூடுதலாகச் சத்தம் போடுகிறதாம். சித்தர் பட்டு வேட்டியும் திருநீறுமாக வந்து, ஏழாம் மெசினை வலம் வந்து, அதன் பின்பக்கம் குனிந்து கணுவைத் தொட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கை வேட்டி மடிக்குப் போனது. நிறஞ்சனா என்ற மாணவி முதலாம் மெசினில் ஒரு வரி அடித்தாள். ஏழாவதில் ஒன்றும் வரவில்லை. வலை செத்துவிட்டது.

சித்தர் ஏழாம் மேசைக்கு முதுகு காட்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். ஐம்பது ஓம் தொடங்கியது. பாலன் விரலில் எண்ணினார். நிறஞ்சனா அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஏழாம் மெசினைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை வீரையா யாரும் கேளாமலே எடுத்துக்கொண்டார். கிறேஸ் சிந்திய பூவைக் கூட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்து போனார். அவரை யாரும் பார்க்கவில்லை. விளக்குமாறுதானே.

பன்னிரண்டாம் ஓமில் வீரையா, "வந்திட்டுது," என்றார்.

சனம் ஆரவாரித்தது. வந்திருக்கவே முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதர் சித்தர்தான். கையைக் கொண்டுபோய் மடியைத் தடவினார். மூடி இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, பதின்மூன்றாம் ஓமைச் சொன்னார்.

"போயிட்டுது," என்றார் வீரையா.

பதினான்கில் வந்தது. பதினைந்தில் போனது. பதினாறில் வந்து நின்று, சித்தர் நிம்மதியாக மூச்சை விட்ட நேரம் பார்த்துப் போனது. சனத்துக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு கிழவர் அரோகரா சொன்னார். வீரையா கிரிக்கெட் வர்ணனைபோல வந்திட்டுது, போயிட்டுது என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போனார். பாலனுக்குக் கைவிரல் தீர்ந்து, செருப்பைக் கழற்றுவதா என்ற யோசனை. இருபதுக்குப் பிறகு சித்தரின் ஓம் மந்திரம்போல இல்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஓம்? என்று கேட்பதுபோல இருந்தது.

கிறேஸ் பூக்கூடையோடு எழும்பினார்.

"ஐயா, நீங்கள் ஓம் எண்டால் வருது, ஓம் எண்டால் போகுது. ஒருக்கா இல்லை எண்டு சொல்லிப் பாருங்கோ."

யாரோ சிரித்தார்கள். சித்தர் எழும்பாமலே கோபப்பட்டார். மந்திரத்தை மறுத்துச் சொன்னால் பிரபஞ்சமே இல்லாமல் போய்விடும் என்றார்.

"அப்ப நான் சொல்லுறன். போறதெண்டால் என்னோட போகட்டும்," என்று கிறேஸ் எல்லாரும் பார்க்கக் கம்பி நுனியில் கையை வைத்தார். "இல்லை," என்று சொல்லி ஒரு திருகு திருகினார்.

"வந்திட்டுது," என்றார் வீரையா.

சனம் சுற்றிப் பார்த்தது. பிரபஞ்சம் இருந்தது. சைக்கிள் கடையும் இருந்தது.

கிறேஸ் மூடியைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். இது நாஸிம் தந்தது, இந்த வலைக்கு உரிய மூடி வேறு, அது எங்கே என்று கேட்டார். பாலன் மேசைக்குக் கீழே பார்த்தார். நிறஞ்சனா கம்பியின் மற்ற நுனியைப் பார்த்தாள். அங்கே ஒன்று ஒழுங்காக இருந்தது. கிறேஸ் ஓரிடத்திலும் தேடவில்லை.

"ஐயா, உங்கட மடியை ஒருக்கா உதறுங்கோ."

"ஒரு சித்தனை மடி உதறச் சொல்ல நீ ஆர்?"

"நாயாத்து மரியநேசன்ர மகள். எங்கட வலையின்ர மடியை நீங்கள் மூண்டு தரம் வெட்டுவிச்சனீங்கள். இப்ப என்ர முறை."

சித்தர் சடாரென்று எழும்பினார். எழும்பியிருக்கக் கூடாது. பட்டு வேட்டி வழுக்கும். மூடி மடியிலிருந்து தானாகவே விழுந்து, டிக் டிக் என்று உருண்டு, வீரையாவின் பம்புக்குக் கீழே போய் நின்றது. நாஸிம் எடுத்து மீற்றரில் வைத்தார்.

"அம்பது ஓம்," என்றார். "ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

கணு தன்னிடம் தானாக வந்து அடைக்கலம் புகுந்ததாகச் சித்தர் சொன்னார். அதைக் கேட்டும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் படியில் வழி விட்டார்கள், மரியாதையால் அல்ல. சித்தர் செருப்பை விட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை இடியப்பக் கடைப் பிரசுரம் இரண்டு பக்கமும் இடியப்பமாக வந்தது.

வீரையா பம்பின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சிவலட்சுமி அம்மா மட்டும் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு, நூல் கிடக்கட்டும், கிடந்தால் என்ன நட்டம் என்றார். அந்த நட்டமில்லாத நூலால்தான் ஒருத்தியை மறுபடியும் தறப்பாளுக்குக் கீழே தள்ளப் பார்த்தார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிரசுரம் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. அந்த வலைக்கு ஓர் உயிர்க்கணு இருந்தது. ஐப்பசியில் அது ஐந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது.

ஓம் சொல்ல வாய் மட்டும் போதும். அதனால்தான் அதற்கு இவ்வளவு கூட்டம். அடுத்த தரம் யாராவது உங்களிடம் ஐம்பது ஓம் கேட்டால் நாற்பத்தொன்பதைக் கொடுங்கள். மிச்சம் ஒன்றுக்குப் பதிலாக ஏன் என்று கேளுங்கள்.

சனம் கலைந்தபின் பாலன் குசினி வாசலில் வந்து நின்று, அறையை ஒழிக்கத் தேவையில்லை என்றார். போகாமல் நின்றார். ஒரு விசயம் அவருக்கு விளங்கவில்லையாம்.

"முதல் தரம் வலை செத்தது சித்தர் இங்க வர முந்தியெல்லோ. அப்ப அந்த மூடியைக் கழட்டினது ஆர்?"

கிறேஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "மழை வரட்டும் ஐயா, காட்டுறன்," என்றார்.

திங்கட்கிழமை காலையில் மழை பெய்தது. பாலன் நனையாமல் வந்து சேர்ந்தார். குடையை உதறி மடித்து, உள்ளே கொண்டுபோய், ஏழாம் மேசைக்குப் பின்னால் கம்பியின் நுனியில் பிடியால் கொளுவித் தொங்கவிட்டார். மூடி கீழே விழுந்தது.